காகிதம் செல்லுமா? காரைக்கால் பிள்ளைகள் கல்லூரி மாறிய கதை



தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் ஊர் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிவருகிறது. "பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு வருடம் முடித்துவிட்டான். இதைவிட நல்ல கல்லூரிக்கு மாற்றலாமா? எங்கே மாற்றலாம்?" பென்ஷன்காரன் சும்மாதானே இருக்கிறான் என்று என்னிடமும் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பேரன் சொல்லிக்கொடுத்த அளவுதான். ஆனால் கல்லூரி மாறுவதற்கு வேண்டிய காகிதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பது வருடத்துக்கு மேல் சான்றிதழ்களின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தவன் நான்.

நம் ஊரில் கல்லூரி மாறுவது புதிய விஷயம் அல்ல. மூன்று தலைமுறையாக நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைவிட இரண்டு விஷயங்கள்தான் அவனுடைய ஒரு வருடத்தைக் காப்பாற்றின, அல்லது விழுங்கின. கையிலிருக்கும் காகிதம் போகிற இடத்தில் செல்லுமா என்பது ஒன்று. எந்த வகுப்பின் முடிவில் மாறுகிறான் என்பது இன்னொன்று. அந்தக் கதையைச் சொன்னால் இன்றைய கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் நம் ஊரின் இருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி பக்கம், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். மேற்கே அம்பகரத்தூருக்கு அப்பால் மறுபடியும் தமிழ்நாடு. கிழக்கே கடல். நம்முடைய தலைநகரமான புதுச்சேரிக்குப் போவதென்றால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வேறு மாநிலத்தின் ஊர்களைத் தாண்டி 130 கிலோமீட்டர் போகவேண்டும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் எல்லை தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் தெரியும்.

1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு மாறியது. ஆனால் சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நடுவில் 1956 மே 28 அன்று டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது குடியுரிமையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். யார் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார், யார் ஆகவில்லை, யாருக்கு 'சொல்தா' பென்ஷன் வந்தது என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு. அதே ஒப்பந்தத்தில் மாணவர்களுக்காகவும் ஒரு பிரிவு இருந்தது. பக்கலோரெயா, பிரெவே ஆகிய பிரெஞ்சுத் தேர்வுகளை இந்திய அரசு தானாகவே ஏற்கும். அவற்றை வைத்து உயர்கல்வியில் சேரலாம், அரசு வேலைக்கும் போகலாம் என்பது அதன் சாரம். இங்கே வழங்கப்பட்ட சட்ட, மருத்துவப் பட்டங்களுக்கும் அதே மதிப்பு.

காகிதத்தில் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒப்பந்தத்தை எந்தக் கல்லூரியின் குமாஸ்தா படித்திருப்பார்?

பிரெஞ்சுப் பள்ளியில் வகுப்பு எண்கள் மேலே ஏறாது, கீழே இறங்கும். 'சிசியேம்' என்றால் ஆறாவது. அதற்கு அடுத்த வருடம் 'சேங்கியேம்', ஐந்தாவது. பிறகு 'காத்ரியேம்', நான்காவது. கடைசியில் 'த்ரூவாசியேம்', மூன்றாவது. அதை முடித்துத்தான் பிரெவே தேர்வு எழுதுவோம். 1967இல் தஞ்சை ஜில்லாவில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி.க்கு விண்ணப்பித்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே இருந்த எழுத்தர் என் பள்ளிச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வரச்சொன்னார். மொழிபெயர்த்தவர் உள்ளதை உள்ளபடியே 'மூன்றாம் வகுப்பு' என்று எழுதிக்கொடுத்துவிட்டார். "மூன்றாம் வகுப்பு படித்தவனுக்கு பி.யூ.சி.யா?" என்று அந்த அறையே சிரித்தது. எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று கடிதம் கொண்டுவா என்றார்கள். கடிதம் எழுதிப்போட்டு, பதில் வந்து, அதையும் அவர்கள் மேலிடத்துக்கு அனுப்பித் திருப்பி வாங்குவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு வருடம் போயிற்று. ஒப்பந்தம் அமலுக்கு வந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.

சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. பிரெஞ்சு முறையில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவோம். 1,250 என்று எழுதினால் எங்களுக்கு அது ஒன்றேகால். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது. பௌதிகத் தேர்வில் விடை சரியாக இருந்தும் மதிப்பெண் குறைந்த கதை எங்கள் செட்டில் பலருக்கு உண்டு. கணக்கு எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்று சொல்வார்கள். கணக்கு ஒன்றுதான், ஆனால் அதை எழுதும் பழக்கம் ஒன்றல்ல.

அந்தக் காலத்தில் தப்பித்தவர்கள் யார் என்று பின்னால் யோசித்துப் பார்த்திருக்கிறேன். படிப்பின் நடுவில் மாறியவர்கள் கஷ்டப்பட்டார்கள். ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு மாறியவர்கள் தப்பித்தார்கள். புதுச்சேரி லிசேயில் பக்கலோரெயா வரை போய் முடித்தவன் பிரான்சுக்கே போய் மேலே படித்தான். பிரெவே முடித்த கையோடு தேவையான கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டவன் பி.யூ.சி.யில் நேரத்துக்குச் சேர்ந்தான். நடுவில் ஒரு வகுப்பை விட்டுவிட்டு ஓடியவனுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தப் படிப்பு பிறந்து வளர்ந்த காலமும் நம் ஊர் கைமாறிய காலமும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் 'ஒர்தினாத்தர்' என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை நல்ல பெயர் ஒன்று கேட்க, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் 1955இல் அந்தச் சொல்லைத் தேர்ந்து கொடுத்தார். கணினி அறிவியலுக்கு 'அன்ஃபொர்மாத்திக்' என்ற பெயரை பிலிப் திரெஃபுஸ் என்பவர் 1962இல் உண்டாக்கினார். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் கணினி அறிவியலுக்கென்று தனித் துறை தொடங்கியதும் 1962இல்தான். நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே வருடம்.

1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்தது. நம் மாணவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்தில் வந்த பெரிய இயந்திரம் என்றால் 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370. ஜெர்மனியின் உதவியோடு வந்தது. அதை நேரில் பார்த்துவந்த ஒருவர், "ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏ.சி. போட்டு ஒரு மிஷினை உட்காரவைத்திருக்கிறார்கள்" என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார். பிரான்சில் 1966 முதல் ஐ.யூ.டி. என்ற இரண்டாண்டுத் தொழில்நுட்பப் படிப்புகள் வந்தன. அவற்றில் அன்ஃபொர்மாத்திக் ஒரு பிரிவு. ஆக, எங்கள் தலைமுறைக்கு இந்தப் படிப்பு இருந்தது, ஆனால் காரைக்காலில் இல்லை. வேண்டுமென்றால் சென்னைக்கு மாறவேண்டும், அல்லது கப்பலோ விமானமோ ஏறவேண்டும்.

இரண்டாவது மாற்றம் விசித்திரமானது. அதில் மாணவன் நின்ற இடத்திலேயே நின்றான், எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

1960களிலும் 70களிலும் புதுச்சேரி, காரைக்கால் அரசுக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. மாயவரம் மன்னம்பந்தலில் 1955இல் தொடங்கிய ஏ.வி.சி. கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியும் அதுவேதான். மாநிலம் வேறாக இருந்தாலும் பல்கலைக்கழகம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, கேள்வித்தாளும் ஒன்று. காரைக்காலில் ஒரு வருடம் படித்தவன் அப்பாவுக்கு வேலை மாறியதால் மாயவரத்தில் தொடர்வது பெரிய காரியமாக இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் படித்த பாடம் செல்லாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

1978இல் பிளஸ் டூ வந்தது. அதுவரை பதினோரு வருடப் பள்ளி, ஒரு வருட பி.யூ.சி., மூன்று வருடப் பட்டம் என்று இருந்தது 10, 2, 3 என்று மாறிற்று. 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, தஞ்சை ஜில்லாக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் புதுவைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. நம் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. நமக்கென்று சொந்தமாக ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் வந்ததில் எல்லோருக்கும் பெருமை, எனக்கும்தான். ஆனால் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்த மயிலாடுதுறை, படிப்பு விஷயத்தில் வேறு நாடாகிவிட்டது. 1954இல் எடுத்த சுங்கச்சாவடியைப் பல்கலைக்கழகச் சட்டம் வேறு உருவத்தில் திரும்ப வைத்தது என்று நாங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்வோம்.

நாட்டில் கம்ப்யூட்டர் படிப்புகள் பரவத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது. அதன் பிறகு கல்லூரி கல்லூரியாக பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்தது. புதுச்சேரி பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரி வந்தது. இன்று அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். படிப்பு வந்த நேரத்தில் எல்லையும் வந்ததால், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க மாறுகிற பிள்ளைக்குத்தான் காகிதப் பாரம் அதிகம். பழைய சரித்திரப் பட்டதாரிக்கு அது தெரியாது.

பள்ளிக்கூட விஷயத்திலும் இதே விசித்திரம். புதுச்சேரியும் காரைக்காலும் வெகுகாலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படித்துத் தமிழ்நாட்டுத் தேர்வையே எழுதின. மாஹே கேரளத் தேர்வு, ஏனாம் ஆந்திரத் தேர்வு. அண்மையில்தான் நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அதுவரை நாகூர்ப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளுக்கு விடை எழுதினார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் கதை வேறு. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருக்கவேண்டும், இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பூர்விகச் சான்று வேண்டும். நமக்கு சென்டாக் உண்டு, அதில் காரைக்காலுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. ஆகவே நமக்கு அநியாயம் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு கதவுகளில் எது நம் கதவு என்று தெரிந்துகொண்டு தட்டவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது மாற்றம் 2010இல். இந்த முறை கல்லூரியே இடம் மாறி நம் ஊருக்கு வந்தது.

அந்த வருடம் மத்திய அரசு நாட்டில் பத்துப் புதிய என்.ஐ.டி.களைத் தொடங்கியது. புதுச்சேரி பிரதேசத்துக்குக் கிடைத்ததைக் காரைக்காலில் வைத்தார்கள். ஆனால் அப்போது இங்கே கட்டிடம் இல்லை. திருச்சி என்.ஐ.டி. வழிகாட்டி நிறுவனமாக இருந்தது. 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாக, ஆர்.இ.சி. என்ற பெயரில் தொடங்கிய அதே கல்லூரிதான். புதிய என்.ஐ.டி.யின் முதல் மாணவர்கள் திருச்சி வளாகத்தில்தான் பாடம் கேட்டார்கள். கணினி, மின்னணு, மின்சாரம் என்று மூன்று பிரிவுகள். பிறகு காரைக்காலுக்கு வந்து தற்காலிக இடத்தில் வகுப்பு. அதன் பிறகுதான் திருவேட்டக்குடியில் நிரந்தர வளாகம்.

அந்த முதல் செட்டுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் நினைத்துப் பாருங்கள். கட்டிடம் கிடையாது. பேர் வாங்கிய பழைய மாணவர்கள் கிடையாது. எந்தக் கம்பெனி வேலைக்கு எடுக்க வரும் என்று சொல்ல ஆள் கிடையாது. சேர்ந்தது ஒரு ஊர் பெயரில், படிப்பது இன்னொரு ஊரில். இருந்தும் அவர்களுக்கு ஒரு விஷயம் உறுதியாக இருந்தது. தேசிய நிறுவனம் என்ற அந்தஸ்து இருந்ததால் காகிதம் செல்லும். வளாகம் மாறினாலும் பல்கலைக்கழகம் மாறவில்லை, பாடத்திட்டம் மாறவில்லை, ஒரு நாள் படிப்பும் வீணாகவில்லை. திருச்சியிலிருந்து காரைக்காலுக்குப் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். எங்கள் காலத்தில் பெட்டி படுக்கை காரைக்காலிலிருந்து வெளியேதான் போகும். ஆந்திரத்திலிருந்தும் வடக்கேயிருந்தும் வந்த பிள்ளைகள் பாரதியார் வீதியில் இட்லிக்கடை தேடியதை முதல்முறை பார்த்தபோது எனக்கு இனம்புரியாத சந்தோஷம். ஞானசம்பந்தர் பாடிய திருவேட்டக்குடிக்குக் கம்ப்யூட்டர் படிக்க வடநாட்டுப் பிள்ளை வருவான் என்று எங்கள் வாத்தியார்கள் யாரும் கனவு கண்டிருக்கமாட்டார்கள்.

இனி இன்றைய கேள்விக்கு வருகிறேன். பிள்ளை ஒரு வருடம் முடித்துவிட்டான், மாறலாமா?

நம் ஜில்லாப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நாற்றைப் பருவத்தில் பிடுங்கி நட்டால் தூர் கட்டும். முற்றிய நாற்றை நட்டால் பயிர் நிற்கும், கதிர் சிறுத்துப்போகும். கல்லூரி மாறுவதும் அப்படித்தான். மாறுவதற்கென்று சில பருவங்கள் இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

டிப்ளமா முடித்த பிள்ளைக்கு நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழி உண்டு. லேட்டரல் என்ட்ரி என்கிறார்கள். கணக்கைப் பாடமாகப் படித்த பி.எஸ்சி. பட்டதாரிக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. வரிச்சிக்குடி பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு இப்படி மேலே போன பிள்ளைகளை நான் அறிவேன். இது நடுவில் தாவுவது போலத் தோன்றும். உண்மையில் ஒரு படிப்பை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததில் ஏறுவது. ஆகவே வருடம் போகாது.

ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது அடுத்தது. நம் பிள்ளைக்கு அது புதுவைப் பல்கலைக்கழகத்துக்குள் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு மாறுவது. இரண்டு கல்லூரியின் சம்மதமும் காலியிடமும் வேண்டும். பாடத்திட்டம் ஒன்றாக இருப்பதால் படித்தது படித்ததாகவே நிற்கும்.

பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவதுதான் கடினம். மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது. இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும். படித்த பருவங்களின் பாடத்திட்ட நகல் முத்திரையோடு வேண்டும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். விட்டுப்போன பாடங்களைத் தனியாக எழுதச்சொல்வார்.

கம்ப்யூட்டர் படிப்பில் இந்த ஒப்பீடு மற்றப் படிப்புகளைவிட முக்கியம். சரித்திரத்தில் சோழர்களைப் படிக்காமல் முகலாயர்களைப் படித்துவிடலாம், பெரிய நஷ்டமில்லை. கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. முதல் வருடம் நிரல் எழுதப் பழகவேண்டும். அதன் மேல்தான் டேட்டா ஸ்ட்ரக்சர். அது புரிந்தால்தான் டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம். ஒரு கல்லூரியில் முதல் வருடம் சி மொழி, இன்னொன்றில் பைத்தான். ஒரு இடத்தில் கணக்கின் ஒரு பகுதி இரண்டாம் பருவத்தில், இன்னொரு இடத்தில் மூன்றாம் பருவத்தில். நடுவில் போய் உட்கார்ந்த பிள்ளைக்கு வகுப்பில் ஆசிரியர் பேசுவது 1,250 போலத்தான் இருக்கும். படித்தவனாகத்தான் இருப்பான், ஆனால் வேறு எண்ணைப் படிப்பான்.

என்.ஐ.டி.க்கு மாற்றிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டு வாசலில் இருப்பதால் அந்த ஆசை வருவது இயற்கை. வேறு கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு அங்கே இரண்டாம் வருடத்தில் நுழைய முடியாது. பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. மெயின் எழுதி முதல் வருடத்திலிருந்துதான் சேரவேண்டும். உள்ளே சேர்ந்தவர்கள் முதல் வருட மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு மாறலாம், இடம் இருந்தால். நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டியது, என்.ஐ.டி. இடங்களில் பாதி உள்மாநிலத்தாருக்கு. நம் பிரதேசத்துப் பிள்ளைக்கு இங்கே அந்த உரிமை உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே தெரிந்திருக்கவேண்டிய விஷயம் இது. கல்லூரியில் ஒரு வருடம் போன பிறகு தெரிந்து பயனில்லை.

இவற்றையெல்லாம் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். பி.எஸ்சி. முதல் வருடம் முடித்த பிள்ளைக்கு இருக்கும் கல்லூரியில் ஆசிரியரும் ஆய்வகமும் சுமாராகவாவது இருந்தால், மூன்று வருடத்தையும் அங்கேயே முடிப்பது நல்லது. பெரிய மாற்றத்தைப் பட்டம் வாங்கிய பிறகு செய்யட்டும். எம்.சி.ஏ. இப்போது பல இடங்களில் இரண்டு வருடப் படிப்புதான். நிம்செட் தேர்வு எழுதினால் திருச்சி போன்ற என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. சேரலாம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நமக்கு மேற்கே திருவாரூர் பக்கம் நீலக்குடியில் 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கெல்லாம் பிள்ளை புதிதாகச் சேர்கிறான். யாரும் அவனுடைய பழைய பருவங்களைப் பிரித்துப் பார்த்து எது செல்லும், எது செல்லாது என்று கேட்கமாட்டார்கள். பட்டம் என்ற ஒரே காகிதம் போதும். எங்கள் காலத்தில் பக்கலோரெயாவை முடித்துக்கொண்டு போனவன் தப்பித்தான் என்றேனே, அதே கணக்கு.

கல்லூரியை மாற்றாமலே படிப்பைக் கூட்டிக்கொள்ளவும் இப்போது வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகிறது. ஜே.இ.இ. வேண்டாம். அவர்களே சில வாரங்கள் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி.யும் 2022இல் அனுமதித்துவிட்டது. காரைக்காலில் கல்லூரிக்குப் போய்க்கொண்டே மாலையில் சென்னை ஐ.ஐ.டி. பாடம் கேட்கிற பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். கல்யாண மண்டபம் அளவு இயந்திரத்தைப் பார்க்கச் சென்னைக்குப் போன காலத்தை அவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். படித்த பருவங்களின் மதிப்பைச் சேமித்துவைக்க 2021இல் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாட்டையும் யு.ஜி.சி. கொண்டுவந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு நடுவில் உள்ள சுங்கச்சாவடியை எடுப்பதுதான் அதன் நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததும் நல்ல ஏற்பாடுதான் என்பது எனக்கு மறக்கவில்லை. விதி டில்லியில் இருக்கும், அதைப் படித்த எழுத்தர் நீங்கள் போகிற ஜன்னலில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

சில பிள்ளைகளுக்கு மாறியே ஆகவேண்டிய நிலை வரலாம். அப்பாவின் வேலை மாற்றம், வீட்டில் நோய், கட்டணம் கட்டமுடியாத கஷ்டம் என்று எத்தனையோ இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பழைய எழுத்தர் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மாறப்போகும் கல்லூரியில் வாய்வார்த்தையை நம்பவேண்டாம். எந்தப் பருவத்தில் சேர்த்துக்கொள்வார்கள், எந்தெந்தப் பாடங்களை ஏற்பார்கள், எத்தனை பாடம் தனியாக எழுதவேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில், முத்திரையோடு, தேதியோடு வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு மட்டும் இங்கே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிய நாளில் பழைய கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள். புதிய பதிவேட்டில் பெயர் ஏறுகிறவரை அவன் எந்தக் கல்லூரியின் மாணவனும் அல்ல. அந்த இடைவெளி ஒரு வாரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வருடமாக ஆகவிடாதீர்கள்.